பறக்கும் தட்டுக்கும் ஒரு தபால் செக்ஷன் இருந்துச்சு

ரிட்டயர் ஆனதுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூக்கமே வர்றதில்ல. பையன் அவனோட பழைய டேப்லெட்டை வெச்சுட்டுப் போயிருக்கான், அதுல ஏதாவது படிச்சிட்டுக் கெடப்பேன். போன மாசம் ஒருநாள் அவன் போன்ல பேசும்போது, "அம்மா, இங்கிலாந்து கவர்மென்ட் ரகசியமா வெச்சிருந்த ஏலியன் பைல் எல்லாம் வெளிய விட்டுருக்காங்க, உனக்குத்தான் பைல்னா புடிக்குமே, படி"ன்னு கிண்டலா சொன்னான். சரி பாப்போமேன்னு ஒண்ணைத் திறந்தேன். ஏலியனையும் காணோம் ஒண்ணையும் காணோம். மொதல் பக்கத்துலயே ஒரு ரெபரன்ஸ் நம்பர், தேதி, "தங்களோட இன்ன தேதியிட்ட கடிதம் கிடைக்கப் பெற்றது"ங்கற மாதிரி ஒரு வரி, கீழ ஒரு கிளார்க்கோட கையெழுத்து, அதுவும் கறுப்பு மை பூசி மறைச்சிருக்கு. எனக்கு சிரிப்பு தாங்கல. இது நம்ம செக்ஷன்தான்யா!

என்னைப் பத்தித் தெரியாதவங்களுக்கு. நான் ஒரு அரசு அலுவலகத்துல பதினோரு வருஷம் மனு செக்ஷன்ல குப்பை கொட்டினவ. திங்கக்கிழமை ஆனா குறைதீர்க்கும் நாள், கட்டுக்கட்டா மனு வரும், ஒவ்வொண்ணுக்கும் ந.க. எண் போடணும், தன் பதிவேட்டுல ஏத்தணும், சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பணும், பதில் வரலேன்னா நினைவூட்டு அனுப்பணும், கடைசியா மனுதாரருக்கு ஒரு லெட்டர் போட்டு பைலை முடிக்கணும். இதுல பட்டா கேட்டு வர்ற மனுவும் உண்டு, "பக்கத்து வீட்டுக்காரன் சுவர் வழியா என் மேல கரன்ட் விடறான்"னு வர்ற மனுவும் உண்டு. ரெண்டுக்கும் நம்பர் ஒரே மாதிரிதான். அந்தக் கண்ணோட இந்தப் பைல்களைப் படிச்சா அது வேற கதை, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என்ன பைல்னா, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துல யூஎஃப்ஓ டெஸ்க்னு ஒரு சின்ன செக்ஷன் இருந்துச்சு. யூஎஃப்ஓன்னா இன்னதுன்னு அடையாளம் தெரியாத பறக்கும் பொருள். டெஸ்க்னு பேருதான் பெருசு, ஒண்ணு ரெண்டு பேரு, அவங்களும் மத்த வேலையோட வேலையா பாத்தது. வானத்துல என்னமோ பாத்தேன்னு ஜனங்க எழுதற லெட்டர், போன் கால், போலீஸ்காரங்க அனுப்பற தகவல் எல்லாம் அங்கதான் வந்து சேரும். 2008 மே மாசத்துல ஆரம்பிச்சு 2013 ஜூன் வரைக்கும் தவணை தவணையா இதையெல்லாம் லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ் வெளியிட்டாங்க. மொத்தம் 50,000 பக்கத்துக்கு மேல. ஏன் வெளியிட்டாங்கன்னு கேட்டா அதுக்கும் பெரிய மர்மம் கெடையாது. அங்க தகவல் உரிமைச் சட்டம் 2005 ஜனவரில அமலுக்கு வந்துச்சு, வந்ததும் ஜனங்க அதிகமா கேட்ட விஷயங்கள்ல யூஎஃப்ஓவும் ஒண்ணு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா தேடி எடுத்து, பேரை மறைச்சு, ஜெராக்ஸ் போட்டு அனுப்பறதுக்கு மொத்தமா கொட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆர்டிஐ மனுவுக்கு பதில் தயார் பண்ணின யாருக்கும் இந்த முடிவு உடனே புரியும்.

அவங்க வெச்சிருந்த படிவத்தை நான் ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன். நம்ம ஊர்ல வருமானச் சான்றுக்கு ஒரு படிவம் இருக்கற மாதிரி பறக்கும் தட்டுக்கு ஒரு படிவம். தேதி, நேரம், எவ்வளவு நேரம் தெரிஞ்சுது. எத்தனை பொருள், என்ன சைஸு, என்ன வடிவம், என்ன கலரு, எவ்வளவு வெளிச்சம், சத்தம் வந்துச்சா, வாசனை வந்துச்சா. ஆமா, வாசனைக்கும் இடம் இருக்கு. நீங்க எங்க நின்னு பாத்தீங்க, வீட்டுக்குள்ளயா வெளியவா, நின்னுட்டிருந்தீங்களா வண்டில போய்ட்டிருந்தீங்களா. வெறுங்கண்ணா, பைனாகுலரா. எந்தத் திசை, தரையில இருந்து எவ்வளவு கோணம், வானிலை எப்படி, பக்கத்துல ஹைடென்ஷன் லைன் இருக்கா, ஏரி இருக்கா, டிவி டவர் இருக்கா, ஏர்போர்ட் இருக்கா. வேற யார்கிட்ட சொன்னீங்க, கூட யாராவது பாத்தாங்களா.

இந்தக் கேள்வியெல்லாம் யோசிச்சு வெச்சவன் நல்ல கிளார்க். ஏன்னா மனு எழுதறவங்க எப்பவும் மனசுல இருக்கறதைத்தான் எழுதுவாங்க, நமக்கு வேண்டியதை எழுத மாட்டாங்க. "நான் கண்ட காட்சியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்"னு ரெண்டு பக்கம் இருக்கும், என்ன தேதின்னு இருக்காது. ஹைடென்ஷன் லைன் கேள்வியும் ஏர்போர்ட் கேள்வியும் சும்மா இல்ல, அதுலயே பாதி கேஸுக்குப் பதில் இருக்கு. ஆனா படிவத்தை நிரப்பி வாங்கினதுக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்கன்னா, பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. அவங்க பாக்கறது ஒரே ஒரு விஷயம். நம்ம வான்வெளிக்குள்ள எதிரி விமானம், இல்ல அனுமதி இல்லாத விமானம் ஏதாவது பூந்துச்சா? அது இல்லேன்னா அது என்னவா இருந்தாலும் அமைச்சகத்துக்கு அக்கறை கெடையாது. ஜனங்களுக்குப் போன லெட்டர்லயும் இதேதான் திரும்பத் திரும்ப வருது, பாதுகாப்பு ரீதியா முக்கியத்துவம் இருக்கான்னு மட்டும்தான் பாக்கறோம், நீங்க பாத்தது இன்னது இன்னதுன்னு ஒவ்வொண்ணையும் கண்டுபிடிச்சுச் சொல்றது எங்க வேலை இல்லன்னு. எழுதினவனுக்கு எப்படி இருக்கும்? ராத்திரி பூரா தூங்காம உக்காந்து படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு அனுப்பிருப்பான், அவனுக்கு ஒரு பக்கத்துல அச்சடிச்ச பதில். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு"ன்னு நான் எத்தனை ஆயிரம் லெட்டர் போட்டிருப்பேன்னு கணக்கில்ல, அதனால அந்த ஊர் கிளார்க்கைத் திட்டவும் மனசு வரல.

கதை எங்க ஆரம்பிக்குதுன்னா 1950-ல. அமெரிக்காவுல 1947-ல இருந்து பறக்கும் தட்டு காய்ச்சல், பேப்பர் பூரா அதே பேச்சு. சர் ஹென்றி டிசார்ட்னு அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்ற பெரிய விஞ்ஞானி, இதை ஒரேயடியா ஒதுக்கிடாம கொஞ்சம் பாருங்கன்னு சொன்னதால ஒரு கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டிக்கு நிஜமாவே பறக்கும் தட்டு குழுன்னுதான் பேரு. 1951 ஜூன்ல அறிக்கை குடுத்துட்டாங்க, மொத்தமே ஆறு பக்கம். கண் மயக்கம், வேற எதையோ பாத்து இதுன்னு நெனச்சது, ஏமாத்து வேலை, அவ்வளவுதான், கையில புடிக்கற மாதிரி ஆதாரம் வர்ற வரைக்கும் இதுல நேரத்தை வீணடிக்க வேணாம்னு முடிச்சுட்டாங்க. கமிட்டி போட்டு ஆறு பக்கத்துல முடிச்சதே ஒரு அதிசயம், அதுக்கே ஏலியன் இருக்கான்னு நம்பலாம்.

அடுத்த வருஷம் ஜூலை 28-ஆம் தேதி பிரதமர் சர்ச்சில் ஒரு குறிப்பு அனுப்பறார். அப்பதான் வாஷிங்டன் நகரத்து மேலயே ரேடார்ல என்னமோ தெரிஞ்சுதுன்னு உலகம் பூரா செய்தி. இந்தப் பறக்கும் தட்டு சமாச்சாரமெல்லாம் என்ன, இதுக்கு என்ன அர்த்தம், உண்மை என்ன, வசதிப்படும்போது ஒரு அறிக்கை குடுங்கன்னு ரெண்டு மூணு வரி. பெரிய அதிகாரி பைல் ஓரத்துல "பேசவும்"னு எழுதி அனுப்புவாங்களே, அந்த மாதிரி. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பதில் போயிடுச்சு. போன வருஷமே முழுசா ஆராய்ஞ்சாச்சு, கிரகம் நட்சத்திரம், வானிலை, விமானம், பலூன், பறவை, பிரமை, பித்தலாட்டம், இதுலயே எல்லாம் அடங்கிடும்னு. அந்தப் பதில் போய் ஆறு வாரம்கூட ஆகல, செப்டம்பர்ல நேட்டோ கூட்டணி நாடுகளோட ராணுவப் பயிற்சி நடக்கும்போது யார்க்ஷைர்ல டாப்கிளிஃப் விமானத் தளத்துல அவங்க விமானப்படை ஆளுங்களே, ஒரு மீட்டியர் ஜெட் பின்னாடி வெள்ளி மாதிரி வட்டமா ஒண்ணு வந்துச்சு, அப்படியே சுத்திட்டு வேகமா போயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. பொதுஜனம் சொன்னா ஒதுக்கிடலாம், சொந்த டிபார்ட்மென்ட் ஆளே எழுதிக் குடுத்தா என்ன பண்றது? மூடின பைலைத் திரும்பத் திறந்தாங்க. அதுக்கப்புறம் அது 57 வருஷம் மூடவே இல்ல.

ஆனா ஒண்ணு, 1967-க்கு முந்தின பைல் அங்க ரொம்பக் கம்மிதான் இருக்கு. மறைச்சிட்டாங்கன்னு நெட்ல ஒரு கூட்டம் கத்துது. உண்மை என்னன்னா, அதுவரைக்கும் அஞ்சு வருஷம் ஆன யூஎஃப்ஓ பைலை அழிச்சிட்டிருந்தாங்க, நிரந்தரமா வெச்சுக்கற அளவுக்கு முக்கியம் இல்லன்னு. நம்ம ஆபீஸ்லயும் இதானே. பைலை முடிக்கும்போது ஆர்.டிஸ்னு போட்டா காலத்துக்கும் ரெக்கார்டு ரூம்ல இருக்கும், டி.டிஸ்னா பத்து வருஷம், எல்.டிஸ்னா ஒரு வருஷத்துல போயிடும். எதுக்கு எது போடறதுன்னு ஒரு பத்து செகண்டுல கிளார்க்குதான் முடிவு பண்றான், பின்னாடி ஐம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து இதைத் தேடுவான்னு அவனுக்குத் தெரியவா போகுது. 1967-ல ஜனங்க ஆர்வமும் பேப்பர்க்காரங்க தொல்லையும் அதிகமானதுக்கு அப்புறம்தான் அழிக்கறதை நிறுத்தினாங்க.

1967-ன்னதும் எனக்கு ரொம்பப் புடிச்ச கேஸ் ஞாபகம் வருது. அந்த வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி காலைல, மேற்க சாமர்செட்ல கடலோரம் கிளீவ்டன்ல ஆரம்பிச்சு கிழக்க கென்ட்ல ஷெப்பி தீவு வரைக்கும், இங்கிலாந்தோட தென்பக்கத்துல ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி ஒரே நேர்கோட்டுல ஆறு பறக்கும் தட்டு கெடந்துச்சு. ஒவ்வொண்ணும் ஆறு வேற ஊர்ல, வயக்காட்டுல, கோல்ஃப் மைதானத்துல. வெள்ளி மாதிரி பளபளன்னு, மூட்டு இல்லாம, உள்ள இருந்து பீப் பீப்னு சத்தம். நெனச்சுப் பாருங்க, காலைல ஒருத்தன் பாட்டுக்கு நடந்து போறான், இது கெடக்குது. போலீஸ் வந்துச்சு, ராணுவம் வந்துச்சு, வெடிகுண்டு நிபுணருங்க வந்தாங்க, சிப்பன்ஹம்ல கெடந்ததை வெடி வெச்சே தகர்த்தாங்க, அமைச்சகத்துல உளவுப் பிரிவு வரைக்கும் போன் மேல போன். ஒண்ணை ஓட்டை போட்டுப் பாத்தா உள்ள இருந்து கொழகொழன்னு நாத்தம் புடிச்ச ஒரு கூழ் வந்துச்சு. வேத்துக்கிரகத்து ரத்தமோ என்னமோன்னு நெனச்சிருப்பாங்க பாவம். கடைசில பாத்தா அது மாவைத் தண்ணில கரைச்சுக் காய்ச்சி ஊத்தினது! போஸ்டர் ஒட்டக் காய்ச்சுவோமே பசை, அதான், நாள்பட்டா என்ன நாத்தம் நாறும்னு நமக்குத் தெரியும். செஞ்சது ஃபார்ன்பரோல இருக்கற அரசாங்க விமான ஆராய்ச்சி நிலையத்துல அப்ரண்டிஸா இருந்த பசங்க. கல்லூரி தர்ம நிதி வசூலுக்காக ஃபைபர்கிளாஸ்ல மோல்டு அடிச்சு, எலக்ட்ரானிக்ஸ் வெச்சு, ராத்திரியோட ராத்திரியா வண்டில போய் ஆறு எடத்துல போட்டுட்டு வந்திருக்கானுங்க. வேத்துக்கிரகத்துக்காரன் நிஜமாவே வந்தா அரசாங்கம் என்ன பண்ணும்னு பாக்கணும்னு ஒரு ஆசையாம். என்ன பண்ணும்னு இப்ப தெரிஞ்சு போச்சு, யாருக்கு போன் பண்றதுன்னு தெரியாம ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிட்டு இருக்கும். இந்த விவகாரத்துக்கான பைல் 2011-ல வெளிய வந்துச்சு.

இப்ப எல்லாரும் கேக்கற கேஸுக்கு வர்றேன். ரெண்டில்ஷம் காடு. இங்கிலாந்தோட கிழக்குக் கரையில சஃபோக்ல வுட்பிரிட்ஜ், பென்ட்வாட்டர்ஸ்னு பக்கத்து பக்கத்துல ரெண்டு விமானத் தளம், பேரு பிரிட்டிஷ் விமானப்படையோடது, உள்ள இருந்தது பூரா அமெரிக்காக்காரன். 1980 கிறிஸ்துமஸ் முடிஞ்ச ராத்திரி, அதாவது டிசம்பர் 26 அதிகாலை மூணு மணி வாக்குல, காவலுக்கு நின்ன அமெரிக்க சிப்பாய்ங்க கேட்டுக்கு வெளிய காட்டுக்குள்ள வெளிச்சம் பாத்திருக்காங்க. விமானம் ஏதாவது விழுந்துடுச்சோன்னு உள்ள போயிருக்காங்க. காலைல பாத்தா தரையில மூணு குழி. ரெண்டு நாள் கழிச்சு தளத்தோட துணை கமாண்டர் லெஃப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட்டே ஆளுங்களைக் கூட்டிட்டு, கதிர்வீச்சு பாக்கற கெய்கர் கவுன்ட்டர் எடுத்துட்டு, கையில டேப் ரெக்கார்டர் வெச்சுட்டு ராத்திரில காட்டுக்குள்ள போனாரு. அந்த டேப் இன்னைக்கும் கேக்கக் கெடைக்குது. நான் கேட்டேன், ராத்திரி ரெண்டரை மணிக்கு ஹெட்போன்ல. மூச்சு வாங்கறது, ரேடியோ கரகரப்பு, "அதோ தெரியுது, மறுபடியும் வருது"ங்கற மாதிரி பதட்டம். எனக்கு கை முடியெல்லாம் நட்டுக்கிச்சு, பொய் சொல்லல.

அந்த ஹால்ட் 1981 ஜனவரி 13-ஆம் தேதி பிரிட்டிஷ் அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பறாரு. தலைப்பு "விளக்க முடியாத வெளிச்சங்கள்". ஒரே பக்கம், மூணு பத்தி. உலோகம் மாதிரி, முக்கோணமா, அடியில ரெண்டு மூணு மீட்டர் அகலம், பக்கத்துப் பண்ணையில மாடு கன்னெல்லாம் மிரண்டுச்சு, குழில கதிர்வீச்சு இவ்வளவு. உலகத்துலயே அதிகமா ஜெராக்ஸ் போட்ட ஒத்தைப் பக்கம்னு இதைச் சொல்லலாம். 1983-ல அமெரிக்காவோட தகவல் சட்டத்துல வெளிய வந்ததும் பேப்பர்ல தலைப்புச் செய்தி.

ஒரு கிளார்க்கா நான் மொதல்ல என்ன பாப்பேன்? தேதி. சம்பவம் நடந்து ரெண்டு வாரத்துக்கு மேல கழிச்சு எழுதினது, அதுலயும் தேதி தப்பு, மொத ராத்திரி 26-ன்னு இருக்க வேண்டியது 27-ன்னு இருக்கு, அடுத்ததும் ஒரு நாள் தள்ளி. அமைச்சகம் அந்தத் தேதியை வெச்சுத்தான் ரேடார் பதிவைத் தேடிப் பாத்துருக்கு, ஒண்ணும் இல்லன்னு எழுதிருச்சு. தப்பு சர்வே நம்பர் போட்ட மனுவை வெச்சுட்டு சர்வேயர் வேற எவன் நெலத்தையோ அளந்துட்டு வந்த கதை. சரியான தேதி எங்க இருக்குன்னா லோக்கல் போலீஸ் பதிவேட்டுல. 26-ஆம் தேதி அதிகாலைலயே கூப்பிட்டிருக்காங்க, அவங்க வந்து பாத்துட்டு, ஆர்ஃபர்ட்னெஸ் கலங்கரை விளக்கத்தோட வெளிச்சம்தான் தெரியுது, வேற ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

அந்தக் கலங்கரை விளக்கம் காட்டுல இருந்து ஒரு 8 கிலோமீட்டர், அப்ப அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அடிச்சிட்டிருந்துச்சு. ஹால்ட்டோட டேப்புல அவங்க "இப்ப தெரியுது"ன்னு கத்தற இடைவெளியை வாட்ச் வெச்சு எண்ணினா அதே அஞ்சு செகண்டு. இதை எடுத்துச் சொன்னவர் இயன் ரிட்பாத்னு வானியல் எழுத்தாளர். அன்னைக்கு அதிகாலை மூணு மணியை ஒட்டி தெற்கு இங்கிலாந்து வானத்துல பெரிய எரிகல் ஒண்ணு போனதை நெறைய பேரு பாத்திருக்காங்க, அதான் எதுவோ விழுந்த மாதிரி தெரிஞ்சுது. மூணு குழியைப் பாத்த வனத்துறை ஆளு, இது முயல் தோண்டினது, மரத்துல இருக்கற வெட்டு வெட்டப்போற மரத்துக்கு நாங்க கோடாலியால போட்ட அடையாளம்னுட்டாரு. ஹால்ட் இதையெல்லாம் ஒத்துக்கல, வயசான காலத்துலயும் தான் பாத்தது வேத்துக்கிரகத்துச் சமாச்சாரம்தான்னு பிரமாணப் பத்திரமே குடுத்தாரு. பாதுகாப்புப் படைக்கே தலைவரா இருந்த லார்ட் ஹில் நார்ட்டன், பிரபுக்கள் சபைல இதைப் பத்தி கேள்வி மேல கேள்வி கேட்டுட்டே இருந்தாரு. நான் யாரைச் சேந்தவன்னா, முயல் சொன்ன வனத்துறை ஆளு பக்கம். ஆனா ஒண்ணு சொல்லணும், ஊர் பேர் தெரியாத காட்டுல, பனில, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை மரத்துக்கு நடுவுல ஒரு வெளிச்சம் கண்ணடிச்சா நானும் ஓடித்தான் வந்திருப்பேன்.

இந்தக் கேஸ்ல உளவுப் பிரிவு வெச்சிருந்த பைல் காணோம்னு அமைச்சகத்தோட பேப்பர்லயே இருக்கு. காணோம்! நெட்ல இதை வெச்சே நூறு வீடியோ போட்டிருக்காங்க. இருபது வருஷம் ஆபீஸ்ல இருந்தவளா சொல்றேன், பைல் காணாம போறதுக்கு வேத்துக்கிரகத்துக்காரன் வர வேண்டியதில்ல, ஒரு டிரான்ஸ்ஃபரும் ஒரு வெள்ளையடிப்பும் போதும். இன்னொரு கூத்து, உளவுப் பிரிவோட யூஎஃப்ஓ பைல் கொஞ்சம், லண்டன்ல பழைய யுத்த அலுவலகக் கட்டடத்துல ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிஞ்சு கெடந்துச்சு, தொட்டா நுரையீரலுக்கு ஆபத்துன்னு மூடியே வெச்சுட்டாங்க. அப்புறம் சுத்தம் பண்ணி ஸ்கேன் எடுத்தாங்க. சதின்னு நெனச்சதெல்லாம் கூரை ஷீட்டுத் தூசி.

அப்ப ரகசியமே கெடையாதான்னா, உண்டு, ஆனா வேற எடத்துல. அமெரிக்க விமானப்படை யூஎஃப்ஓ ரிப்போர்ட்டை ஆராய புளூ புக்னு ஒரு திட்டம் நடத்தி 1969-ல மூடறப்ப மொத்தம் 12,618 கேஸ் சேந்திருந்துச்சு, அதுல 701-க்கு மட்டும் விடை தெரியல. மத்ததுல ஒரு பங்குக்கு நிஜமாவே பொய்யான விடை எழுதினாங்க. ஏன்னா யூ-2-ன்னு ஒரு வேவு விமானம், 60,000 அடிக்கு மேல பறக்கும், அப்ப பயணி விமானமெல்லாம் அதுல பாதி ஒசரம்கூடப் போகாது. சாயங்காலம் கீழ இருட்டினப்புறமும் அந்த ஒசரத்துல வெயில் பட்டு வெள்ளி மாதிரி மின்னும். பைலட்டுங்க பாத்துட்டு ரிப்போர்ட் குடுப்பாங்க, புளூ புக் ஆளுங்க சிஐஏகிட்ட கேட்டு அது யூ-2-ன்னு தெரிஞ்சுப்பாங்க, ஆனா எழுதிப்போடறது என்னமோ ஐஸ் துகள், வெப்ப மாறுபாடு. 1950 கடைசிலயும் 60-களிலயும் வந்த ரிப்போர்ட்டுல பாதிக்கு மேல இந்த வேவு விமானங்கதான்னு சிஐஏவோட சொந்த வரலாற்றுக் கட்டுரையே 1997-ல சொல்லுச்சு. அதாவது மறைச்சது நெஜம், மறைச்ச பொருள்தான் வேற.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு நடந்துச்சு தெரியுமா, லடாக்ல. 2012 ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசம், சீனா எல்லைல நம்ம ராணுவம் ராத்திரி ராத்திரி வெளிச்சம் வருது, சீனாக்காரன் ட்ரோன் அனுப்பறான்னு 329 தடவை பதிவு பண்ணி வெச்சாங்க. அப்புறம் பெங்களூரு வான் இயற்பியல் நிறுவனத்து ஆளுங்க போய்ப் பாத்தா, ஒண்ணு வெள்ளி, இன்னொண்ணு வியாழன். அந்த ஒசரத்துல காத்து அவ்வளவு சுத்தம், கிரகம் லைட்டு மாதிரி தெரியும்.

திரும்ப இங்கிலாந்து செக்ஷனுக்கே வர்றேன். கடைசி தவணைகள்ல வந்த பைல்கள் எனக்கு வேற மாதிரி ஆயிடுச்சு. கார்டிஃப்காரர் ஒருத்தர், நண்பர்களோட கேம்ப் போட்டிருந்தப்ப பறக்கும் தட்டு வந்து என் நாயையும் காரையும் டென்ட்டையும் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிருக்காரு. இன்னொருத்தர் கொஞ்ச காலமா ஏலியனோட குடித்தனம் நடத்தறேன்னு. ஒரு ஸ்கூல் கொழந்தை, வானத்துல வெளிச்சம் பாத்தேன், உண்மையைச் சொல்லுங்கன்னு லெட்டர் எழுதி, தட்டுக்குள்ள இருந்து ஏலியன் கை ஆட்டற மாதிரி படம் வரைஞ்சு அனுப்பிருக்கு. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் அந்தக் கரன்ட் விடறான்னு மனு குடுத்தவர் ஞாபகம் வந்துட்டாரு. நாலு வருஷம், திங்கக்கிழமை தவறாம வருவாரு, வெள்ளை வேட்டி, மனுவை நாலா மடிச்சு சட்டைப் பாக்கெட்ல வெச்சிருப்பாரு. நான் மின்வாரியத்துக்கு அனுப்புவேன், அவங்க ஆய்வு செய்ததில் மின்கசிவு ஏதுமில்லைன்னு எழுதுவாங்க, நான் அதையே அவருக்கு எழுதுவேன், பைலை முடிப்பேன், அடுத்த திங்கள் புது நம்பர். ஒருநாள் "அம்மா, நீங்க ஒரு தடவையாச்சும் முழுசாப் படிச்சீங்களா?"ன்னு கேட்டாரு. படிச்சேங்கய்யான்னு சொன்னேன். படிக்கல. பொருள் வரியை மட்டும்தான் பாத்தேன். அதுக்கப்புறம் முழுசாப் படிச்சேன், அதுல கரன்ட்டைப் பத்தி நாலு வரிதான், மீதி பூரா சம்சாரம் செத்ததுக்கு அப்புறம் ராத்திரில வீடு எப்படி இருக்குங்கறது. கார்டிஃப்காரர் லெட்டரை அந்த செக்ஷன்ல யாராச்சும் முழுசாப் படிச்சிருப்பாங்களான்னு தெரியல.

இதெல்லாம் போக எனக்கு முள்ளு மாதிரி குத்தற கேஸ் ஒண்ணே ஒண்ணு. 1990 ஆகஸ்ட்ல ஸ்காட்லாந்துல கால்வைன்ங்கற ஊர் பக்கம் ரெண்டு பேரு, வைர வடிவத்துல பெருசா ஒண்ணு நிக்குது, பக்கத்துல ஹாரியர் ஜெட் மாதிரி ஒண்ணு போகுதுன்னு ஆறு கலர் போட்டோ எடுத்து ஒரு பத்திரிகைக்குக் குடுத்தாங்க. பத்திரிகை அமைச்சகத்துகிட்ட குடுத்துச்சு, செய்தி வரவே இல்ல, நெகட்டிவ் எங்க போச்சோ. பைல்ல இருந்தது மோசமான ஒரு ஜெராக்ஸ் மட்டும். 2022-ல ரிட்டயர் ஆன ஒரு விமானப்படை பத்திரிகை அதிகாரி தன்கிட்ட இருந்த ஒரு பிரின்ட்டைக் குடுத்தாரு, அதைத் தேடிப் புடிச்சு வெளியிட்டவர் டேவிட் கிளார்க், இந்தப் பைல் வெளியீட்டுக்கே ஆர்கைவ்ஸுக்கு உதவினவர். முப்பத்திரண்டு வருஷம் ஒருத்தர் வீட்டுல அது இருந்திருக்கு. அமெரிக்காவோட ரகசிய விமானமா, இல்ல ரெண்டு பேரும் சேந்து பண்ணின வேலையா, நானும் ஜூம் பண்ணி ஜூம் பண்ணிப் பாத்துட்டேன். இங்கதான் யூ-2 கதை எனக்கு ஞாபகம் வருது, அதோட நிறுத்திக்கறேன்.

2009 வந்துச்சு. கல்யாணத்துலயும் பார்ட்டிலயும் காகித விளக்கு கொளுத்தி வானத்துல விடற பழக்கம் அந்த ஊர்ல பரவுச்சு, ஆரஞ்சு கலர்ல வரிசையா சத்தமில்லாம போகும். அந்த ஒரு வருஷம் மட்டும் 600-க்கு மேல ரிப்போர்ட், முந்தின வருஷங்களை விட பல மடங்கு. செக்ஷன்ல இருந்தவங்க மேல நோட் போட்டாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல பாத்துட்டோம், ஒரு ரிப்போர்ட்டுலகூட ஆபத்துன்னோ வேத்துக்கிரகம்னோ எதுவும் வரல, இந்த வேலையால பாதுகாப்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, கடிதம்தான் பெருகுதுன்னு. மந்திரி ஒத்துக்கிட்டாரு. டிசம்பர் 1-ஆம் தேதி டெஸ்க்கை மூடிட்டாங்க, போன் நம்பரையும் எடுத்துட்டாங்க.

மூடினாலும் லெட்டர் வரத்தானே செய்யும்? அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிட்டாங்க. இனிமே வர்ற ரிப்போர்ட்டை 30 நாள் வெச்சிருந்துட்டு அழிச்சிடறது, அப்பதான் தகவல் சட்டத்துல யாரும் கேக்க முடியாது. எல்.டிஸ்ஸுக்கே நாங்க ஒரு வருஷம் குடுப்போம்.